குழா மூக்கு

சூளை மீட்டர்ல எழுநூத்தி நாப்பது டிகிரி. டக். எழுதியாச்சி. கால் மணிக்கு ஒரு தடவ எழுதணுமாம், அதுக்கு ஒரு நோட்டு, நோட்டுல நூலு கட்டி ஒரு பேனா, பேனாவ நான் தூக்கிட்டுப் போயிடுவேன்னு நூலு. இருவத்திரெண்டு வருசமா கரண்டு சூளைக்குள்ள தலய வுட்டு வேல செய்யறவன், வானூர்லேருந்து கடலோரம் வரைக்கும் பீங்கான் சுடற அத்தன பேருக்கும் காயிலு மாத்திக் குடுத்தவன், இப்ப பிளாஸ்டிக் ஸ்டூல்ல ஒக்காந்து ரெண்டாங்கிளாஸ் புள்ள மாதிரி நம்பர் எழுதிக்கிட்டு இருக்கேன். "கலியபெருமாள், ப்ளீஸ், தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு ரெக்கார்டு வேணும் இல்லயா?" எடுத்துக்கிட்டேன் மேடம். தப்பாதான் எடுத்துக்கிட்டேன். சூளை மொதலாளி நளினா மேடம் பேசறப்ப கழுத்து ஒரு பக்கம் சாயும், 'ப்ளீஸ்'னு சொல்றப்ப கண்ணு சின்னதாவும், நான் செஞ்சி காட்டினா அவங்களே சிரிப்பாங்க, "அய்யோ, நான் அப்படியேவா பேசறேன்?"ம்பாங்க. அப்படியேதான் பேசறீங்க. ஆனா இன்னிக்குக் காலைல சொன்னது மட்டும் கழுத்து சாயாம சொன்னாங்க. நேரா நின்னு சொன்னாங்க. கேட்டுக்கோ கலியா, கேட்டுக்கோ. "இன்னிக்கு கிண்ணத்துக்குப் பூசியிருக்கறது என் கையால கலக்கின கிளேஸு. பன்னெண்டே கிண்ணம். நல்லா வந்தா, போன தடவ தப்பு அஞ்சலாட்சி கலக்கின கிளேஸுலன்னு அர்த்தம், அவங்க திங்கக்கெழமலேருந்து வர வேணாம். கெட்டுப் போனா உங்க வேலைல தப்புன்னு அர்த்தம். சூளையப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்." பழைய இரும்புக்கு! இருவது நாளு அதுக்குள்ள ஒக்காந்து கல்லு கல்லாப் பேத்து எடுத்துக் கட்டியிருக்கேன். பழைய இரும்பாம். அப்பறம் என் பேரும் பழைய இரும்புதான். இங்க ஒரு சூளைல கலியன் வேல சரியில்லன்னு சொல்லிட்டா, டீக்கட தாண்டறதுக்குள்ள மத்த சூளைக்காரங்களுக்குத் தெரிஞ்சிடும். டக். அணைஞ்சிது. டக். பத்திக்கிச்சி. காயிலுக்குக் கரண்ட வுட்டு வுட்டு வெட்டற காண்டாக்டர் நல்லாத்தான் அடிக்குது. நான் போட்டது, எனக்குத் தெரியாதா.

வெளிய ணங்... ணங்... ணங். அது அஞ்சலாட்சி. பூவரச மரத்தடில ஒக்காந்து உளி வச்சி அடிச்சிக்கிட்டு இருக்கு. போன சூட்டுல கிளேஸு உருகி வழிஞ்சி, கிண்ணமெல்லாம் அடுக்கற கல்லுத் தட்டோட ஒட்டிப் போச்சில்ல, அந்தத் தட்டுங்கள ஒவ்வொண்ணா செதுக்கி எடுக்குது. வர்றப்ப, "என்னா அஞ்சலாட்சி, கல்லு ஒடைக்கப் போறியா, ஜெயிலா?"ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. மொறச்சிருந்தாலாவது ஒரு பதில் சொல்லியிருப்பேன். அதுக்குக் கோவமாம். எனக்கு இல்லயா கோவம்? எனக்குத்தான் அதிகமா இருக்கணும். நான் கட்டின சூளைய சந்தேகப்படறாங்க, அது கலக்கின வாளியத்தான சந்தேகப்படறாங்க. வாளியக் கொட்டிட்டு வேற கலக்கிக்கலாம். சூளையக் கொட்ட முடியுமா? ணங். சில்லு தெறிக்குது, கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருக்கா தெரியல. போடலன்னா போடலன்னு போய்ச் சொல்லலாம். சொன்னா பேசணும். எண்ணூத்திப் பதினஞ்சி. எழுது. எட்டு போட வராது எனக்கு, ரெண்டு முட்டைய மேல மேல வச்சித்தான் போடுவேன், அதப் பாத்து வீட்டம்மா சிரிக்கும். "வாயில ஊரையே வச்சிருக்கீங்க, கையில ஒரு எட்டு வரல"ன்னு. அதும் குரலயும் நான் எடுப்பேன். எடுத்தா கரண்டிய எடுக்கும்.

இந்தச் சூளையப் பாத்தவன் எவனா இருந்தாலும் அன்னிக்கே ஓடியிருப்பான். பதினேழு வருசத்துச் சூளை. கதவு தொங்கிக்கிட்டு. பக்கத்துச் செவுத்துல காயிலு படுத்துக்கற பள்ளமெல்லாம் ஒடஞ்சி, காயிலு வெளிய நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்திச்சி, வெயில்ல நாயி மாதிரி. பின்செவுத்துக் கல்லு கையால தொட்டா ரவா மாதிரி கொட்டுச்சி. மீட்டர் மாட்ட வந்தாரே அந்த இன்ஜினியரு, அவரு உள்ள எட்டிப் பாத்துட்டு மூக்கால பேசறாரு, "ஆக்சுவலா, இத ரிப்பேர் பண்றது வேஸ்ட்டுங்க, புதுசு வாங்கிடலாம்." ஆக்சுவலாவாம். நான் சொன்னேன், "சார், ஒங்களுக்கு மூக்கு அடச்சா புது மூக்கா வாங்கறீங்க?" மேடம் சிரிச்சிட்டாங்க. அந்தச் சிரிப்புலதான் இந்த வேலையே எனக்குக் கெடச்சிது, அதச் சொல்லணும். காயில இழுத்து, பள்ளத்துக்கு ஏத்தாப்ல சுருளு ஒவ்வொண்ணும் சமமா வரணும், ஒரு எடத்துல நெருக்கமா வந்தா அங்க எரிஞ்சி அறுந்துடும், அதுக்குன்னு தரைல சாக்பீஸ்ல கோடு போட்டு, முட்டி போட்டு இழுத்தேன் பாரு. முட்டி இன்னும் வலிக்குது. பின்செவுத்துல ரவாக் கல்லயெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வெள்ளப் பஞ்சு அடச்சேன், சூளைப் பஞ்சு, நெருப்புல போட்டாலும் வேவாது. ஒரு மடிப்பு போதும்னாங்க. நான் ரெண்டு மடிப்பு போட்டேன். பழைய கல்லு இருந்த கனத்தவிட ரெண்டு வெரக்கட கூடவே இருக்கட்டும், சூடு வெளிய போவக்கூடாது, கரண்டு மிச்சம்னு நெனச்சி. யாரு செய்வா இப்ப ரெண்டு மடிப்பு? அரிக்குது. நேத்து கதவு ஓரத்துக்குக் கொஞ்சம் பஞ்சு வச்சதுல முழங்கையெல்லாம் முள்ளு முள்ளா அரிக்குது. அந்தப் பஞ்சு கையில பட்டாவே இப்பிடித்தான். மெத்து மெத்துன்னு இருக்கும், புள்ளய ஏமாத்தறாப்ல இருக்கும், அப்பறம் ராப்பகலா அரிக்கும். மெத்து மெத்து. அன்னிக்குக் குழாயத் தள்ளறப்ப கூட மெத்துன்னுதான்... எண்ணூத்தி அறுவது. இன்னும் கால் மணி ஆவலயே. ஆவலன்னாலும் எழுதி வைப்போம்.

என்னாத்துக்கு அது ஞாபகம் வருது. குழாய்ன்னா சின்னக் குழாய், வெள்ளப் பீங்கான்ல, வெரல் கனம், உள்ளுக்குள்ள ரெண்டு கம்பி. சூளையோட பின்பக்கத்துலேருந்து சொருகணும். அதோட மூக்கு உள்ள நீட்டிக்கிட்டு இருந்து, எவ்ளோ சூடுன்னு மோந்து மோந்து மீட்டருக்குச் சொல்லும். மீட்டருக்குக் கண்ணா இருக்கு? குழாய் சொல்றததான் அது எழுதும். எப்பவும் சூளை காலியா இருக்கறப்பவே சொருகிட்டு, உள்ள தலய வுட்டு மூக்கு எவ்ளோ நீட்டுதுன்னு பாத்துட்டுத்தான் அடுத்த வேல. அதுக்கு முன்னாடி ஒரு தடவ அஞ்சலாட்சி தட்டு அடுக்கறப்ப இடிச்சி ஒரு குழாய ஒடச்சிடிச்சி. அதனால இந்தத் தடவ நான் உஷாரா, நீ மொதல்ல கிண்ணம் அடுக்கி முடி, கடசீல நான் குழாய் போட்டுக்கறேன்னுட்டேன். எவ்ளோ உஷாரு. நூத்தி இருவது கிண்ணம், ஓட்டல்காரங்க ஆர்டரு, உள்ள ஒரு வெரல் நொழைய எடமில்ல. பின்னாடி நின்னு தள்ளினேன். போச்சி, போச்சி, அப்பறம் மெத்துன்னு நின்னிச்சி. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். மெத்து. கழுத்து வரைக்கும் வந்திடிச்சி, அதுக்கு மேல போவாது. சரிதான்னு திருகாணி முடுக்கிட்டேன். சரியாத்தான் இருக்கும். இருவத்திரெண்டு வருசம். நான் போட்டது, எனக்குத் தெரியாதா. ணங். அந்தப் பொம்பள என்னாத்துக்கு அவ்ளோ வேகமா அடிக்குது, தட்டே ரெண்டாப் பொளந்துடும் போல இருக்கு.

தொள்ளாயிரத்து அஞ்சி. கதவுல எட்டிப் பாக்கற ஓட்டையோட தக்கைய எடுத்துப் பாத்தேன், உள்ள செவசெவன்னு, தக்காளிப் பழம் மாதிரி. கொஞ்சம் கூடவே பழுத்த தக்காளி. வெளிய வெயில்ல பாக்கறதால அப்படித் தெரியுது. தக்கைய மூடிட்டேன். போன தடவ சூளையத் தெறந்த அன்னிக்கு இருந்த மூஞ்சிங்கள நெனச்சா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. கதவத் தெறந்தா உள்ள தேன் ஊத்தி வச்ச மாதிரி பளபளன்னு வழிஞ்சி கெடக்குது, கிண்ணத்துல நிக்க வேண்டிய கிளேஸு அத்தனையும் தட்டுல. மேடம் மெதுவா என் பக்கம் திரும்பினாங்க. என் பக்கம்! மொதல்ல என் பக்கந்தான் திரும்பினாங்க. ஏன், கிளேஸு கலக்கினவ அங்க நிக்கலயா? "ஓவரா சுட்டுடிச்சா கலியபெருமாள்?" எனக்கு வந்துது பாரு கோவம். "மேடம், மீட்டரப் பாருங்க, ஆயிரத்தி எர்நூத்தி இருவது, அதோட நின்னிருக்குது, கோடு போட்டுக் காட்டுது, ஒரு டிகிரி கூட ஏறல. மீட்டர் பொய் சொல்லுமா? அந்த மூக்கால பேசறவரு மாட்டின மீட்டரு, பொய்யே சொல்லாது." சூடு ஏறினா வளையுமே அந்த முக்கோணக் குச்சி, கோனு, அத ரெண்டு உள்ள வச்சிருந்தா அன்னிக்கே விஷயம் தெரிஞ்சிருக்கும். தீந்து போச்சி, ஊருலேருந்து வரலன்னாங்க. நான்தான், "மீட்டர் இருக்கறப்ப கோனு எதுக்கு மேடம், கடியாரம் கட்டினவன் நெழலப் பாத்தா மணி சொல்லுவான்?"ன்னேன். சிரிச்சாங்க. எல்லாரும் சிரிப்பாங்க நான் பேசினா. சரி, சூடு சரியின்னா வேற என்னா தப்பு? நானா சொன்னேன்? மேடமேதான் கேட்டாங்க, "அப்ப கிளேஸா?"ன்னு. நான் சும்மா தோளக் குலுக்கினேன். குலுக்கினது தப்பா? வாயத் தெறந்து அது பேருகூட சொல்லல. அப்பறம் ஒரே ஒரு தடவ, அது தராசுல பொடி போடற மாதிரி செஞ்சி காட்டினேன், ஒரு கண்ண மூடிக்கிட்டு, நாக்கக் கடிச்சிக்கிட்டு, அப்பறம் புள்ளைங்க ஞாபகம் வந்து ரெண்டு கரண்டி கூடப் போடற மாதிரி. மேடம் சிரிக்கல. ஆனா பாத்தாங்க. நான் செஞ்சத உண்மைன்னு பாத்தாங்க. வெளையாட்டுக்குச் செஞ்சா உண்மைன்னு பாக்கறதா? அது இவங்க தப்புதான, என் தப்பா?

தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. கிண்ணம் அடுக்கி முடிச்ச அன்னிக்குக்கூட நல்லாத்தான் சிரிச்சிக்கிட்டு இருந்தோம். மேடத்தோட விருந்தாளிங்க நாலு பேரு வேற வந்து நின்னாங்க. நான் பின்னாடி முடுக்கிட்டு இருக்கேன், அஞ்சலாட்சி முன்னாடி கதவுகிட்ட நின்னு உள்ள எட்டி எட்டிப் பாத்திச்சி. அதும் குரலு இருக்கே, தொண்டைல பாதி, மூக்குல பாதி, ஒவ்வொரு வார்த்தையும் மாவு மாதிரி இழுபடும். என்னாவோ கேட்டிச்சி. நான் ஒடனே அதே இழுவைல அதயே திருப்பிச் சொன்னேன், கைய முந்தானைல தொடைக்கற மாதிரி செஞ்சிக்கிட்டு. விருந்தாளிங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதுவும் வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சிச்சி. ரெண்டாவது தடவ கேக்கல. நான் போட்டது எனக்குத் தெரியாதான்னு சொல்லி, கதவ மூடுன்னேன், மூடிச்சி. அப்பேர்ப்பட்ட சிரிப்பு. இப்ப வந்து உளி அடிக்குது. டக். அணைஞ்சிது. டக். பத்திக்கிச்சி. கை அரிக்குது. அரிச்சா தண்ணில கழுவக்கூடாது, இன்னும் ஏறும்.

ஆயிரத்து எழுவது. தக்கைய எடுத்தேன். எடுத்த கையோட வெச்சிட்டேன். கண்ணு கூசிச்சி. ஆயிரத்து எழுவதுக்குக் கண்ணு கூசாது. ஆரஞ்சா இருக்கணும், அடர் ஆரஞ்சு, நம்ம ஊரு ஐஸ்காரன் விக்கற குச்சி ஐஸ் மாதிரி. இது மஞ்சளுக்குப் போயி வெள்ளைக்கு எட்டிப் பாக்குது. கண்ணுல கோளாறு. நாப்பத்தெட்டு வயசாச்சி, கண்ணுக்குப் பாக்கணும்னு வீட்டம்மா ஆறு மாசமா சொல்லுது. கண்ணு டாக்டரு அட்டய மாட்டிப் படிங்கம்பாரு, நான் என்னாத்தப் படிக்கறது. கண்ணுதான். மீட்டர் பொய் சொல்லாது. நானே சொன்னேனே அத, அத்தன பேரு முன்னாடி, இப்ப நானே எப்பிடி... அந்த மூக்கால பேசற ஆளு மாட்டினதுல தப்பு இருக்கும். இருக்கும்! அதான்! மீட்டர்ல தப்பு! அந்தாளு போன்ல பேசிக்கிட்டே மாட்டினான், ஆக்சுவலா ஆக்சுவலான்னுக்கிட்டு. அவன் மேல போடலாம். மீட்டரு தப்புன்னா எனக்கும் தப்பில்ல, அஞ்சலாட்சிக்கும் தப்பில்ல. எவ்ளோ நல்லா இருக்கு. ஆனா அதே மீட்டரு காலைல சூளை ஜில்லுன்னு இருக்கறப்ப முப்பத்தொண்ணு காட்டிச்சி, சுவத்துல மாட்டியிருக்கற பாதரசமும் முப்பத்தொண்ணு. மீட்டரு சரியாத்தான் படிக்குது. அதுக்குப் போற சேதிதான். சேதி சொல்றது குழாய். குழாய் பஞ்சுக்கு... சும்மா இரு. வெல்டிங் கண்ணாடி எங்க? தோ. கறுப்புக் கண்ணாடி வழியா பாத்தா கூசாது, நெறம் நெறமாவே தெரியும்.

ஆயிரத்து நூத்தி முப்பது. கண்ணாடிய வெச்சிப் பாக்கறேன். மொத வரிசைல ஒரு கிண்ணம், வயிறு என் பக்கம். அதும் வயித்து மேல காயிலோட சுருளு தெரியுது. நெழலு. கண்ணாடில மூஞ்சி தெரியறாப்ல, சுருளு சுருளா, எண்ணலாம். கிளேஸு உருகிப் போச்சி. ஆயிரத்து எர்நூத்தி இருவதுக்கு உருக வேண்டிய கிளேஸு, மீட்டரு ஆயிரத்து நூத்தி முப்பதுங்கறப்பவே உருகி, ஈரமா, பளபளன்னு நிக்குது. இது மேடம் கலக்கினது. அஞ்சலாட்சி கையே படல. பொடி கூடப் போச்சின்னு சொல்ல ஆளில்ல இன்னிக்கு. அன்னிக்கு அது என்னா கேட்டிச்சி? எத்தன தடவ நான் அதச் செஞ்சி காட்டினேன், டீக்கடைல, வீட்ல, பஸ்ல, கைய முந்தானைல தொடச்சிக்கிட்டு, இழுத்து இழுத்து, "அ...ண்ணே, அந்தக் குழா மூக்கு உள்ள நீட்டிக்கிட்டு இருக்குமே, கா...ணலியே?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இழுவையச் சரியாப் புடிச்சேன், மூக்கச் சரியாப் புடிச்சேன், 'காணலியே'ல கடசீல அது குரலு கொஞ்சம் மேல போவும், அதக்கூடப் புடிச்சேன். அது என்னா சொல்லிச்சின்னு மட்டும் புடிக்கல. காணலியே. உள்ள மூக்கு காணல. ரெண்டு மடிப்புப் பஞ்சு, ரெண்டு வெரக்கட கூட, பஞ்சுல ஓட்டயும் போடல, குழாயே குத்திக்கிட்டுப் போவும்னு நெனச்சி. அது பஞ்சத் தள்ளிக்கிட்டு, போர்வைக்குள்ள மூஞ்சிய வெச்சிப் படுத்துக்கிச்சி. உள்ள எரியுது, இது போர்வைக்குள்ளேருந்து குளுருதுங்குது, மீட்டரு இன்னும் ஏத்து ஏத்துங்குது. மெத்துன்னு கையில சொன்னிச்சே. கையிக்குத் தெரிஞ்சிதே. நூத்தி இருவது கிண்ணம்.

ஆயிரத்து நூத்தி முப்பத்தாறு. இப்ப அணச்சா பன்னெண்டும் அருமையா வரும். சரியா இதுதான் பதம். அணச்சிட்டு, "மேடம், கலர் பாத்தேன், போதும்"னா, "அய்யோ சூப்பர் கலியபெருமாள்"ம்பாங்க. கழுத்து சாயும். நாளைக்குக் காலைல சூளை ஆறினதும் சாவியால ரெண்டு திருகு, பஞ்சுல ஒரு ஓட்ட, நீளமா வேற குழாய், முடிஞ்சிது. எவனுக்கும் தெரியாது. என் சூளை நின்னிடும். என் பேரு நின்னிடும். அப்பறம் திங்கக்கெழம அஞ்சலாட்சி... ணங். என் மேல யாரும் சந்தேகப்படக்கூடாதுன்னு இத்தன நாளு குதிச்சேனே, அஞ்சலாட்சி குதிக்கல, ஒரு தடவகூட, கிளேஸ நான் சரியாத்தான் கலந்தேன்னு கத்தக்கூட இல்ல. கத்தியிருந்தா நான் அதயும் செஞ்சி காட்டியிருப்பேன், அதுக்குத் தெரியும். ச்சீ. யாரு மேல கோவப்படறது இப்ப? காலைலேருந்து பத்த வச்ச கோவம் இவ்ளோ இருக்கு, எவன் மேலயாவது எறக்கணும், ஆளு கெடைக்கல. இந்தப் பேனா மேல. இந்த நூலு மேல. நூத்தி நாப்பது. கிளேஸு வழிய ஆரம்பிச்சிடும். எழுந்திரு. எழுந்திருய்யா.

மெயின எறக்கிட்டேன். காண்டாக்டர் சத்தம் நின்னிச்சி. உளிச் சத்தமும் நின்னிச்சி. மேடம் உள்ளேருந்து வந்துட்டாங்க, கையில போனோட, "ஏன் கலியபெருமாள்? இன்னும் எண்பது டிகிரி இருக்கே?" மரத்தடிலேருந்து அஞ்சலாட்சி எழுந்து நிக்குது, தலையெல்லாம் வெள்ளத் தூளு. "குழா மூக்கு உள்ள காணல மேடம்"ன்னேன். மேடம் சிரிச்சாங்க! நல்லா, வாய் வுட்டு. "இப்ப எதுக்கு அத மறுபடி செய்யறீங்க?" நான் செய்யல. இழுக்கல, கையத் தொடைக்கல, என் குரல்லதான் சொன்னேன், என் குரல்ல சொன்னாலும் சிரிக்கறாங்க. "செஞ்சி காட்டல மேடம். நெசமா காணல. நான் போட்ட பஞ்சுக்குள்ள மாட்டிக்கிச்சி. அன்னிக்கே அஞ்சலாட்சி கேட்டிச்சி, நான்தான் நக்கல் அடிச்சேன். மீட்டரு கம்மியாக் காட்டுது. போன தடவயும் அப்பிடித்தான். கிளேஸு மேல தப்பே இல்ல." மேடம் மூஞ்சி சிரிப்புலயே நின்னு போச்சி, எங்க போறதுன்னு தெரியாம. அஞ்சலாட்சி கிட்ட வந்து என் கையிலேருந்து வெல்டிங் கண்ணாடிய வாங்கிச்சி. தக்கைய எடுத்துப் பாத்திச்சி. ரொம்ப நேரம் பாத்திச்சி. "நல்லா உருகியிருக்கு மேடம், நிக்குது, வழியல"ன்னு சொல்லித் தக்கைய மூடிச்சி. மேடம், "அஞ்சலாட்சி..."ன்னு ஆரம்பிச்சாங்க. "திங்கக்கெழம நான் வரணுமா மேடம்?" "வரணும்." அவ்ளோதான், அதுக்கு மேல மேடத்துகிட்ட ஒண்ணும் கேக்கல. என் பக்கம் திரும்பிச்சி. உளியும் சுத்தியும் என் கையில வச்சிச்சி. "பதினோரு தட்டு மிச்சமிருக்குதுண்ணே." சரின்னேன். மரத்தடிக்கு நடக்கறேன். முதுகுக்குப் பின்னாடி என் குரலு கேக்குது. சத்தியமா என் குரலு, நெஞ்ச நிமித்தி, தொண்டையக் கொஞ்சம் செருமிக்கிட்டு, "நான் போட்டது, எனக்குத் தெரியாதா!" திரும்பினா அஞ்சலாட்சி, இடுப்புல கைய வச்சி, மோவாய மேல தூக்கி, ஒரு காலால தரையத் தட்டிக்கிட்டு. மேடம் அப்பிடியே குனிஞ்சி முட்டியப் புடிச்சிக்கிட்டு சிரிக்கறாங்க. நான் அப்பிடியா பேசறேன்? அநியாயமா இருக்கு. நான் எப்ப காலால தரையத் தட்டினேன்? தொண்டைய நான் எங்க செருமறேன்? மொத தட்ட எடுத்து மடியில வச்சேன். ணங். தொண்ட வறண்டு போயிருந்திச்சி. செருமினேன்.